பள்ளிக்கு ஓர் ஆலோசகர்: தமிழ்நாடு பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில், எவ்வளவு, யார் மேற்பார்வையில்?

கணக்குத்தலைப்பு (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி 15 வழிகாட்டுதல்கள் தந்தது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதில் நேரடியாகப் பணம் கேட்கும் வரி ஒன்று உண்டு: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள வல்லுநரோடு முறையான பரிந்துரைத் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் சுமார் 37,500. அதில் பெரும்பகுதி தொடக்கப் பள்ளி. பலவற்றில் 100 பேர் கிடையாது. உயர்நிலை, மேல்நிலை இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 6,200. பள்ளிக்கு ஒருவர், மாதம் 25,000 ரூபாய், 12 மாதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 186 கோடி. 2025-26இல் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. விகிதம் 0.4 சதவீதம்.

ஆக "பணம் இல்லை" என்ற பதில் நிற்காது. சிக்கல் செலவின் வகையில் இருக்கிறது. 22,931 திறன்மிகு வகுப்பறைகளுக்குச் சுமார் 455 கோடி போனது. அது ஒருமுறைச் செலவு: டெண்டர், பொருத்துதல், திறப்பு விழா, கணக்கு முடிந்தது. ஆலோசகர் பணியிடம் என்பது 30 ஆண்டுச் சம்பளம், அகவிலைப்படி, பிறகு ஓய்வூதியக் கேள்வி. நிதித்துறை முதலில் பார்ப்பது அதைத்தான்.

தலையங்கம் எழுதும் நோக்கம் இல்லை. இதை எப்படி வடிவமைத்தால் ஓடும், எங்கே உடையும் என்று துறைக்குள் இருப்பவர்கள் சொன்னால் ஓர் உருப்படியான மதிப்பீடு போட்டுப் பார்க்கலாம்.

---

பொருநை

கணக்கு சரி, வரிசை சரியில்லை என்பது என் எண்ணம்.

முதுகலை ஆசிரியர் காலியிடம் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் ஆலோசகர் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் வாரமே மாற்று வகுப்புக்கு அனுப்புவார்கள். இரண்டாம் வாரம் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு. மூன்றாம் வாரம் உதவித்தொகைக்கான வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. தலைமை ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்தர் இல்லாத பள்ளியில் கையில் இருப்பவரைத்தான் அவர் பயன்படுத்த முடியும்.

வகுப்பில் 60 பேர் இருந்தால் எந்தப் பிள்ளை பத்து நாளாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. 35 பேர் இருந்தால் தெரியும். அந்த 186 கோடியை ஆசிரியர் காலியிடத்துக்கும் எழுத்தர் பணியிடத்துக்கும் போட்டால் மனநலத்துக்கும் அதுவே முதல் செலவு. ஆலோசகர் அடுத்த படி.

---

மாவட்ட_உளவியலர்

பொருநை சார் சொல்லும் ஆபத்து உண்மை. ஆனால் ஆசிரியர் கண்டுபிடித்த பிறகு பிள்ளையை எங்கே அனுப்புவது? இன்றைய நிலையில் கதவு அங்கேதான் மூடியிருக்கிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது புரியும். தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது, மாவட்டத் திட்டம் 1996இல். தொடக்கத்தில் எடுத்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இன்று 38 மாவட்டத்திலும் இருக்கிறது. காகிதத்தில் ஒரு குழு: மனநல மருத்துவர், மருத்துவ உளவியலர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர், பதிவு உதவியாளர், கண்காணிப்பு அலுவலர். மத்திய வழிகாட்டுதலில் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம். அதற்குள் பள்ளியில் வாழ்க்கைத் திறன் பயிற்சி, கல்லூரி ஆலோசனை, பணியிட மன அழுத்தம், தற்கொலைத் தடுப்பு எல்லாம் அடக்கம். அதே மருத்துவர்தான் தாலுகா மருத்துவமனைகளுக்கு முறைவைத்துப் போகிறார், மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமில் உட்காருகிறார், மறுவாழ்வு இல்லங்களை ஆய்வு செய்கிறார். ஒரு மாவட்டத்தில் 150 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி இருந்தால் அவர் ஆண்டுக்கு ஒருமுறைகூட எல்லாப் பள்ளிக்கும் போக முடியாது.

அடுத்தது ஆள். 6,200 மருத்துவ உளவியலர் தமிழ்நாட்டில் கிடைக்கமாட்டார்கள். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவுக்கு எம்.ஃபில். போன்ற அங்கீகரித்த படிப்பு வேண்டும், ஒவ்வொரு நிறுவனத்திலும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பள்ளிக்கு அவ்வளவு தேவையும் இல்லை. எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல் அல்லது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தவர் போதும், ஆனால் அவருக்கு மேலே ஒரு மருத்துவ உளவியலர் இருந்து வாரம் ஒருமுறை வழக்குகளைக் கேட்க வேண்டும். மேற்பார்வை இல்லாத ஆலோசகர் ஒன்றரை ஆண்டில் அறிவுரை சொல்பவராக மாறிவிடுகிறார். "அம்மா அப்பா கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க, நீ இப்படிப் பண்ணலாமா" என்ற பேச்சுக்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆள் தேவையில்லை.

பணிச்சுமைக் கணக்கு இது. 2015-16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு என்றது. மூன்று பள்ளி, 1,500 பிள்ளைகள் என்றால் ஏறக்குறைய 110 பேர். ஒருவருக்குச் சராசரி ஆறு அமர்வு போட்டால் 660 அமர்வு. ஓர் ஆலோசகர் நாளுக்கு 40 நிமிட அமர்வு ஐந்துக்குமேல் எடுத்தால் தரம் போய்விடும். வாரம் நான்கு நாள் அமர்வு, ஒரு நாள் பதிவும் மேற்பார்வையும். ஆக வாரம் 20. ஆண்டுக்கு 210 வேலை நாள் என்றால் 42 வாரம். தேர்வும் திருப்புதலும் 10 வாரத்தைத் தின்றுவிடும். மீதி 32 வாரத்தில் 640 அமர்வு. மூன்று பள்ளிக்கு ஒருவர் என்பதே விளிம்பு. ஐந்து பள்ளி கொடுத்தால் அது வெறும் வருகைப் பதிவு.

பத்தாண்டுகளுக்கு முன் பத்து நடமாடும் ஆலோசனை வாகனங்கள் வந்தன, வாகனத்துக்கு ஓர் உளவியலர். அப்போது 32 மாவட்டம். ஒரு பள்ளிக்கு ஒரு நாள் வந்து பொதுப் பேச்சு பேசிவிட்டுப் போவதற்கு மேல் அந்த எண்ணிக்கையில் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

---

எஸ்எம்சி_தலைவி

ஒரு சந்தேகம் சார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வரும் மானியத்தில் இதைச் செய்ய முடியாதா? எங்கள் பள்ளி 700 பேர். குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார். வாரம் இரண்டு நாள் வந்து போக ஓர் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் உள்ளூரிலேயே இருக்கிறார். அறையும் ஒன்று காலியாகக் கிடக்கிறது.

---

கணக்குத்தலைப்பு

முடியாது மேடம். ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தின் அளவு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000; 100 வரை 25,000; 250 வரை 50,000; 1,000 வரை 75,000; அதற்கு மேல் 1 லட்சம். உங்கள் 700 பேருக்கு ஆண்டுக்கு 75,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதியில் மின்கட்டணம், சுண்ணாம்பு, குழாய், ஆய்வகப் பொருள், சிறு பழுது. ஊதியம் கொடுக்க அந்தத் தலைப்பில் இடமில்லை. கொடுத்தால் தணிக்கையில் தலைமை ஆசிரியர் பெயரில் வசூல் குறிப்பு வரும். ஆனால் அறையைத் தயார் செய்வது "சிறு பழுது" தலைப்பில் வரும். அதை இப்போதே செய்யலாம்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். ஆலோசகர் சம்பளத்தை ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் வைக்கக் கூடாது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீட்டில் ஓடும் திட்டம் அது. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் 2024-25க்கான 2,152 கோடி வரவில்லை. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தத் தலைப்பில் ஊதியம் வாங்கும் தொகுப்பூதியப் பணியாளர்களுக்குத்தான் முதல் அடி விழுந்தது. சாதாரண ஆண்டிலேயே ஒப்புதல் வாரியக் கூட்டம் முடிந்து, முதல் தவணை வந்து, மாநிலப் பங்கு சேர்ந்து மாவட்டத்துக்கு இறங்கப் பாதி ஆண்டு ஓடிவிடும். பிள்ளையோடு ஆறு அமர்வில் நான்கு முடிந்த நிலையில் "நிதி வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்று ஆலோசகரை நிறுத்தினால், தொடங்காமலே இருந்ததைவிட அது கெடுதல். மானியக் கோரிக்கை எண் 43இல், அதாவது பள்ளிக்கல்வித் துறையில், மாநிலத்தின் சொந்த நிதியில், தனிக் கணக்குத் தலைப்பாக இருக்க வேண்டும்.

---

சிறப்புக்கல்வி_கரூர்

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. 6, 7, 8ஆம் வகுப்பிலிருந்து "நடத்தைச் சிக்கல்" என்று அனுப்பப்படும் பிள்ளைகளில் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கற்றல் குறைபாடு. படிக்கத் தெரியாத பிள்ளை வகுப்பில் மூன்று வழியில் தப்பிக்கும்: சேட்டை, மௌனம், விடுப்பு. ஆசிரியர் சேட்டையைப் பார்க்கிறார், ஆலோசகர் மௌனத்தைப் பார்க்கிறார், வாசிப்பை யாரும் சோதிப்பதில்லை. ஆலோசகர் முதல் அமர்வில் கேட்க வேண்டியது "என்னப்பா கவலை" அல்ல. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். ஐந்து வரி எழுதச் சொல்ல வேண்டும். கூடவே கண்ணும் காதும். இந்த மூன்றும் செய்யாமல் மனநலப் பரிந்துரை எழுதவே கூடாது.

இதற்குத் துறைகள் இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே (சிறார் மருத்துவப் பரிசோதனைத் திட்டம்) குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வந்து 30 வகைக் குறைகளைப் பார்க்கிறது. வளர்ச்சித் தாமதம், கற்றல் குறைபாடு, கவனக்குறைவு அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் குழு பல், கண், ரத்தசோகை மூன்றையும் முடிப்பதே பெரிது. கற்றல் குறைபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு 2018 வழிகாட்டுதல் சொன்னது: 8 வயதிலிருந்து சான்று, 14, 18 வயதுகளில் மறு மதிப்பீடு. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதத்தில் அனுப்பினால்தான் சோதனை, கையெழுத்து, தேர்வுத்துறை விண்ணப்பம் எல்லாம் நேரத்துக்கு முடியும். பத்தாம் வகுப்பு நவம்பரில் அனுப்புகிறார்கள், அதற்குள் பெயர்ப்பட்டியல் போய்விடுகிறது.

மருந்தையும் சொல்லிவிடுகிறேன். கவனக்குறைவுக்கான மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, மருந்துச் சட்ட விதிகளின் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. பூட்டிய அலமாரி, இரண்டு பிரதி மருந்துச்சீட்டு, தனிப் பதிவேடு எல்லாம் வேண்டும். தாலுகா மருத்துவமனை மருந்தகம் அதை வைத்திருக்க விரும்பாது. பிள்ளையைக் கண்டுபிடித்து, பெற்றோரைச் சம்மதிக்க வைத்து, மருத்துவரும் எழுதிக் கொடுத்த பிறகு மாதாமாதம் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போகச் சொன்னால், நாள்கூலிக் குடும்பம் மூன்றாம் மாதம் நிறுத்திவிடும். பள்ளிப் பட்ஜெட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது. கோரிக்கை எண் 19இல், அதாவது மக்கள் நல்வாழ்வுத் துறையில், ஒரு சிறிய வரி சேர வேண்டும்.

---

மேல்நிலை_வேதியியல்

பள்ளிக்குள் நடைமுறை பற்றி.

அறை: தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஆசிரியர் ஓய்வறைக்குள் தடுப்பு வைத்து ஒரு மூலையும் வேண்டாம். நூலகத்தையோ விளையாட்டு அறையையோ ஒட்டி இருந்தால், உள்ளே போகும் பிள்ளை எதற்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. 10க்கு 12 அடி போதும். கதவில் தலை உயரத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம்: உள்ளே இருவரும் தெரிய வேண்டும், பேச்சு கேட்கக் கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, ஆலோசகருக்கும் பாதுகாப்பு. மேசைக்கு எதிரெதிராக உட்காராமல் இரண்டு நாற்காலி சாய்வாக. மின்விசிறி. பூட்டு உள்ள இரும்பு அலமாரி, அதன் சாவி ஆலோசகரிடம் மட்டும்.

பதிவு: வழக்குத் தாளில் பெயர் கூடாது, குறியீட்டு எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனி உறையில். எமிஸில் இதற்கு ஒரு கட்டம் திறக்க வேண்டும் என்ற பேச்சை அவ்வப்போது கேட்கிறேன், அது கூடவே கூடாது. எமிஸ் கடவுச்சொல் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். எண்ணிக்கை மட்டும் மேலே போகட்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது.

ரகசியத்துக்கு விலக்கு உண்டு, அதை முதல் அமர்விலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்: தன் உயிருக்கு ஆபத்து, பிறர் உயிருக்கு ஆபத்து, பாலியல் கொடுமை. கடைசியில் போக்சோ 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். முதலில் சொல்லாமல் நான்காவது அமர்வில் திடீரென்று சொன்னால் அந்தப் பிள்ளை அந்தப் பள்ளியில் இனி யாரிடமும் வாய் திறக்காது.

நேரம்: கணக்கு, அறிவியல் வகுப்பில் பிள்ளையை எடுத்தால் ஆசிரியர் எதிர்ப்பார். உடற்கல்வியில் எடுத்தால் பிள்ளை எதிர்க்கும், அது நியாயமும்கூட. ஒரே பிள்ளையை ஒரே பாடவேளையில் மறுபடி எடுக்காமல் வாரா வாரம் மாற்றுவதுதான் வழி. அதற்குக் கால அட்டவணைப் பொறுப்பாளர் உடன்பட வேண்டும், இது தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சுற்றறிக்கையாக இருக்க வேண்டும்.

இவற்றைவிட எனக்குப் பெரிய கவலை மே மாதம். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. பள்ளி மூடியிருக்கும். தொகுப்பூதியக்காரருக்கு அந்த மாதம் வேலையும் இல்லை சம்பளமும் இல்லை. 2012இல் 5,000 ரூபாயில் சேர்த்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் நீண்ட நாள் கோரிக்கைகளில் ஒன்றே மே மாதச் சம்பளம்தான். ஆலோசகரையும் அதே அச்சில் வார்த்தால், ஆண்டிலேயே அதிக ஆபத்தான இரண்டு வாரம் ஆளில்லாமல் போகும். 2022இல் நாடு முழுவதும் 13,044 மாணவர்களைத் தற்கொலையில் இழந்தோம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. 2,248 இறப்புகளுக்குத் தேர்வுத் தோல்வி காரணமாகக் குறிக்கப்பட்டது. முடிவு வருவதற்கு முந்தைய வாரமே, தோல்விக்கு வாய்ப்புள்ள பிள்ளைகளின் பட்டியலை அரையாண்டு, திருப்புதல் மதிப்பெண்ணை வைத்து எடுத்து, வீட்டுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். முடிவு வந்த அன்று மதியத்துக்குள் இன்னொரு அழைப்பு. துணைத்தேர்வுத் தேதி, விண்ணப்பிக்கும் இடம், கட்டணம் மூன்றையும் சொன்னாலே பாதிப் பதற்றம் அடங்கும். ஆண்டு வீணாகவில்லை என்று பெற்றோருக்கு அப்போதுதான் தெரிகிறது.

---

பொருநை

மே மாதக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். அது ஆசிரியர் நியமனத்தால் தீராது.

ஆனால் இன்னொரு பயம். ஆலோசகர் வந்ததும் மேலிடம் எண் கேட்கும். எல்லாப் பிள்ளைக்கும் வினாத்தாள் கொடுத்து "ஸ்கிரீனிங் 100 சதவீதம் முடிந்தது" என்று அறிக்கை போகும். எஸ்டிக்யூ என்ற பிள்ளைகளின் உணர்வு, நடத்தை வினாத்தாள் 25 கேள்விதான், தாளில் இலவசம், தமிழிலும் இருக்கிறது. ஒரே நாளில் ஒரு மாவட்டத்தையே முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு என்ன?

---

மாவட்ட_உளவியலர்

பயம் சரியானது. எண்ணைப் போட்டே காட்டுகிறேன். 500 பிள்ளைகள். 7.3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 36 பேருக்கு உண்மையில் பாதிப்பு, 464 பேருக்கு இல்லை. ஓரளவு நல்ல கருவி ஒன்று பாதிப்பு உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைப்போம். பிடிபடும் உண்மையானவர்கள் 29. தவறாகப் பிடிபடுபவர்கள் 46. மொத்தம் 75 பெயர் உள்ள பட்டியல் தலைமை ஆசிரியர் மேசையில் இருக்கும், அதில் பாதிக்குமேல் தவறு. ஓர் ஆலோசகர் அந்த 75 பேரையும் தனித்தனியாகப் பார்த்து முடிப்பதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். அதற்குள் பட்டியல் ஓய்வறைக்குப் போயிருக்கும்.

ஆகவே பொது ஸ்கிரீனிங் வேண்டாம். ஆசிரியர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் தகவல் போதும்: ஒரு மாதத்தில் ஐந்து நாளுக்குமேல் விளக்கமில்லாத விடுப்பு, இரண்டு தேர்வுக்கிடையே மதிப்பெண் பெரிய சரிவு, நண்பர் கூட்டத்திலிருந்து திடீர் விலகல், உடம்பில் காயம், வீட்டில் இறப்பு அல்லது பிரிவு, சாப்பாட்டை ஒதுக்குதல். வகுப்பாசிரியர் மாதம் ஒருமுறை இந்த ஆறையும் வைத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் 15 நிமிடம். அப்படி வரும் பிள்ளைக்கு எஸ்டிக்யூ கொடுத்தால் அது பயன்படும். ஆசிரியர், பெற்றோர் தாள்களையும் சேர்த்துப் பார்க்கலாம். 11 வயதுக்குமேல் பிள்ளை தானே நிரப்பும் தாள் உண்டு.

2020இல் வந்த பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் நலத்தூதர்கள், வாரம் ஒரு மணி, 11 தலைப்பு என்று இருக்கிறது. உணர்வு நலம் அதில் ஒரு தலைப்பு. அந்த இரண்டு பேருக்கு இந்த ஆறு அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்தால் புதிய பயிற்சித் திட்டமே வேண்டாம்.

---

எஸ்எம்சி_தலைவி

ஆலோசகர் வரும்வரை? ஒரு பிள்ளை ஆசிரியரிடம் "எனக்கு வாழப் பிடிக்கல" என்று சொன்னால் அந்த நிமிடத்தில் பள்ளியில் என்ன செய்ய வேண்டும்? குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள், யாரிடமும் எழுத்தில் பதில் இல்லை.

---

மாவட்ட_உளவியலர்

மேடம், இதை அப்படியே அச்சடித்துத் தலைமை ஆசிரியர் அறையில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, கழிவறைக்குப் போனாலும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். யாரிடம் சொன்னதோ அந்த ஆசிரியரே கூட இருப்பது நல்லது. புது ஆள் மாறி மாறி விசாரிக்கக் கூடாது. நேராகக் கேட்கலாம்: "செத்துப்போகணும்னு தோணுதா? எப்படி, எப்போன்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்பதால் எண்ணம் வராது, கேட்டால்தான் அளவு தெரியும். திட்டம் இருக்கிறது என்றால் அன்றே அரசு மருத்துவமனை, 108 அழைக்கலாம். திட்டம் இல்லை, எண்ணம் மட்டும் என்றால் பெற்றோரை வரவழைத்து நேரில் ஒப்படைக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லிப் பேருந்தில் அனுப்பக் கூடாது. "வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் இன்றைக்கே பூட்டுங்கள்" என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 14416 எண்ணில் மனநல ஆலோசனை 24 மணி நேரமும் கிடைக்கும், சுகாதார உதவி எண் 104ம் இருக்கிறது. வீட்டில்தான் கொடுமை என்று பிள்ளை சொன்னால் பெற்றோருக்கு முன் குழந்தைகள் உதவி எண் 1098.

யார் சொன்னது, எத்தனை மணி, யாருக்குத் தெரிவித்தோம் என்று நான்கு வரி எழுதி வைக்க வேண்டும். பிள்ளை திரும்பி வரும் நாளில் ஒருவர் வாசலிலேயே சந்தித்து, விடுபட்ட பாடத்துக்குக் கெடு தள்ளிவைத்து, வகுப்பில் யாரும் எதுவும் கேட்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த சில வாரங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டியவை.

---

கணக்குத்தலைப்பு

இதுவரை வந்ததை வைத்து மறு மதிப்பீடு. பள்ளிக்கு ஒருவர் என்பதை விட்டு மூன்று பள்ளிக்கு ஒருவர் என்று எடுக்கிறேன்.

ஆலோசகர் 2,070 பேர், மாதம் 30,000, 12 மாதம்: 74.5 கோடி. 20 பேருக்கு ஒரு மருத்துவ உளவியலர் என்று 104 மேற்பார்வையாளர், மாதம் 60,000: 7.5 கோடி. பயணப்படி மாதம் 2,000 வீதம் 10 மாதம்: 4.1 கோடி. (இதை வெட்டினால் தொலைவில் இருக்கும் மூன்றாவது பள்ளிக்கு யாரும் போகமாட்டார்கள்.) அறைக்கு ஒருமுறைச் செலவு பள்ளிக்கு 20,000: 12.4 கோடி. பணிமுன் பயிற்சி 10 நாள், நாளுக்கு 1,500: 3.1 கோடி. சுகாதாரத் துறையில் மாவட்டத்துக்குப் பிள்ளைகளுக்கென்றே ஓர் உளவியலரும் ஒரு சமூகப் பணியாளரும், இருவருக்கும் சேர்த்து மாதம் 80,000: 3.65 கோடி.

பள்ளிக்கல்விப் பங்கு முதல் ஆண்டு ஏறத்தாழ 102 கோடி, 46,767 கோடியில் 0.22 சதவீதம். அடுத்த ஆண்டிலிருந்து 86 கோடி.

ஒரே ஆண்டில் 2,070 பேரைத் தகுதியோடு எடுக்க முடியாது. முதலில் விடுதியோடு சேர்ந்த பள்ளிகள்: கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா, ஆதிதிராவிடர், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். அங்கே மாலை ஆறு மணிக்குப் பிறகு பிள்ளை பேசுவதற்கு வீட்டில்கூட ஆளில்லை. அடுத்து 1,000 பேருக்குமேல் உள்ள மேல்நிலைப் பள்ளிகள். உயர்நிலைப் பள்ளிகள் மூன்றாம் ஆண்டு.

---

மேல்நிலை_வேதியியல்

மூன்று பள்ளிக்கு ஒருவர் என்றால் தீர்ப்பை நிறைவேற்றியதாக ஆகாதே சார். 100 அல்லது அதற்கு மேற்பட்ட பேர் உள்ள ஒவ்வொன்றிலும் ஒருவர் என்றுதானே சொல்கிறது.

---

கணக்குத்தலைப்பு

ஆகாது. மூன்றாண்டில் பள்ளிக்கு ஒருவர் என்ற இலக்கை அரசாணையிலேயே எழுதி, முதல் கட்டம் இது என்று சொன்னால்தான் நிற்கும். தேதியில்லாத அரசாணை வந்தால் மூன்று பள்ளிக்கு ஒருவர் என்பதே நிரந்தரமாகிவிடும்.

---

பொருநை

அரசாணையில் இன்னொரு வரி வேண்டும்: "இப்பணியாளரை மாற்று வகுப்பு, எமிஸ், தேர்தல், கணக்கெடுப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது." ஊதியச் சான்று தலைமை ஆசிரியரிடமிருந்து போகாமல் மேற்பார்வையாளரிடமிருந்து போனால் இந்த வரிக்குப் பல் இருக்கும். இல்லையென்றால் என் முதல் பதிவில் சொன்னதுதான் நடக்கும். ஆசிரியர் காலியிடம் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் 0.22 சதவீதத்துக்காக ஒன்றை ஒன்று காத்திருக்க வைக்க வேண்டிய தேவையில்லை என்பதை ஏற்கிறேன்.

---

சிறப்புக்கல்வி_கரூர்

பயிற்சி 10 நாளில் இரண்டு நாள் வாசிப்பு, எழுத்துச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒன்றிய வள மையத்தின் சிறப்பாசிரியரோடு மாதம் ஒரு கூட்டுக் கூட்டமும் எழுதுங்கள். ஒரே பிள்ளைக்கு இருவரும் தனித்தனிக் கோப்பு வைத்திருப்பது இன்றே நடக்கிறது.

---

எஸ்எம்சி_தலைவி

அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட நினைக்கிறேன். என்ன எழுதினால் மேலே நகரும்?

---

கணக்குத்தலைப்பு

தீர்மானத்தில் மூன்று மட்டும். ஒன்று, எந்த அறை, எத்தனை அடி, எந்த மானியத்தில் எவ்வளவு ரூபாயில் தயாராகும். இரண்டு, மாவட்ட மனநலக் குழு பள்ளிக்கு வரும் தேதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் தரக் கோருதல். மூன்று, 14416, 104, 1098, கல்வி உதவி எண்ணான 14417 ஆகியவற்றை வகுப்பறையிலும், பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டியின் மேலும் எழுதுதல். எண்களைத் தெரியும்படி வைப்பது தீர்ப்பிலேயே இருக்கிறது, செலவும் இல்லை.

கூடவே முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. கேள்விகள்: மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட ஆலோசகர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, எந்தக் கணக்குத் தலைப்பில் ஊதியம், கடந்த மூன்று நிதியாண்டில் விடுவித்த தொகை, விடுவித்த தேதி, மார்ச் 31இல் செலவாகாமல் திரும்பியது எவ்வளவு. தேதிகளை மறக்காமல் கேளுங்கள். தொகை சரியாக இருந்து பிப்ரவரியில் வந்திருந்தால் அந்தக் கதை தேதியில்தான் தெரியும். இதே கேள்விகளை மாவட்ட மனநலத் திட்டத்துக்கு, சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள். வந்ததும் இங்கே பதியுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.

---

மேல்நிலை_வேதியியல்

74.5 கோடியில் மே மாதச் சம்பளம் இருக்கிறதா?

---

கணக்குத்தலைப்பு

இருக்கிறது. 12 மாதம். ஈட்டிய விடுப்பை நவம்பரிலோ ஜனவரியிலோ எடுத்துக்கொள்ளட்டும், முடிவு வரும் வாரத்தில் பணியில் இருக்க வேண்டும் என்று நியமன ஆணையிலேயே எழுதலாம்.